ஆணிப்புளியில் காயாத முடி

செந்நிற மணல்மேடுகளான தேரிமணல் தொடங்குகிற இடத்தில் ஒரு புளியமரம் நின்றது. அதற்கு இலை குறைவு, முடி அதிகம்.

அடியிலிருந்து ஆள் கை எட்டும் உயரம் வரை ஆணிகள். ஒவ்வோர் ஆணியின் கீழும் ஒரு கொத்து முடி. எல்லாம் பெண்களின் முடி. ஆண்களுக்குப் பேய் பிடிக்காதா என்று அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. பிடித்தால் அதற்குக் கோபம் என்று பெயர்.

பேய் பிடித்தவளின் உச்சியில் ஒரு கொத்தைப் பிடுங்கி, மரத்தில் வைத்து ஆணி அடித்துவிட்டால் பேய் மரத்தோடு நின்றுவிடும். பெண் வீட்டுக்குத் திரும்பலாம். ஆனால் உடனே அல்ல. அடுத்த அமாவாசை வரை மரத்தருகே உள்ள குடிசையில் அவள் தனியாகக் கிடக்க வேண்டும். அவள் தொட்ட தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது. கைக்குழந்தை இருந்தால், அது அவள் பாலைக் குடிக்கக் கூடாது.

பேய் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை யார் சொல்வது? முடி சொல்லும் என்றார்கள். உயிருள்ளவள் முடியில் ஈரம் இருக்கும். பேய் ஏறியவளின் ஈரத்தைப் பேய் குடித்துவிடும். ஆகவே காய்ந்த முடி, பேய் முடி. கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது.

அதைப் பார்த்துச் சொல்ல ஒரு குடும்பம் இருந்தது. வெயிலுகந்தாள் என்பவள் நெடுங்காலம் முடி பார்த்தாள். அவளுடைய சீடன் சிவனணைந்தான். முடியைத் தொட்டு ஈரமா வறட்சியா என்று முதலில் சொல்ல வேண்டியவன் அவன். வறட்சி என்று அவன் சொன்னால், "அடி" என்று வெயிலுகந்தாள் சொல்வாள். அவன் ஆணியை அடிப்பான்.

தன் மூத்த மகள் சந்தனமாரிக்கும் அவள் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அன்று முழுக்க வெயிலுகந்தாள் சாப்பிடவில்லை என்று ஊர் இன்றும் பெருமையாகப் பேசும். சந்தனமாரி சாப்பிட்டாளா என்பது யாருக்கும் நினைவில்லை. அமாவாசை வருவதற்குள் குடிசை காலியாகக் கிடந்தது. அவள் கால்தடம் குடிசையிலிருந்து மரம் வரைக்கும் மணலில் பதிந்திருந்தது. மரத்திலிருந்து வேறெங்கும் போகவில்லை.

அதன் பிறகு ஒன்று நடந்தது. மரத்தில் மற்றக் கொத்துகள் எல்லாம் சாம்பல் பூத்துத் தும்பு மாதிரி தொங்கின. சந்தனமாரியின் கொத்து மட்டும் காயவில்லை. கறுத்து, மினுமினுத்து, வருஷத்துக்கு வருஷம் நீண்டது.

மரத்திலேயே மூர்க்கமான பேய் அதுதான் என்று ஊர் முடிவு செய்தது. உச்சிப்பொழுதில் அந்தப் பக்கம் ஆடு போனால்கூட அதைத் திருப்ப ஆள் போக மாட்டான்.

வெயிலுகந்தாள் இறந்ததும் அவள் இளைய மகள் அரியநாச்சி அந்த இடத்தில் உட்கார்ந்தாள். வயது முப்பதைத் தொட்டிருக்காது. சிவனணைந்தானுக்கோ தலை முழுக்க நரை. சீடனைக் குரு அண்ணாச்சி என்றாள். குருவைச் சீடன் அம்மா என்றான். தெருவில் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சொல்லி விளையாடினார்கள்.

அவன் ஒருநாள் அவளிடம் கேட்டான்.

"காஞ்ச முடிக்கு உள்ள அடையாளம் எல்லாத்தையும் உங்க தாயார் எனக்குச் சொல்லித் தந்தாவ. ஏதும் விட்டுப்போச்சா அம்மா?"

"ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்னது?"

"சொன்னா கேட்டுக்கிடுவிய. பாக்க மாட்டிய."

அவன் காத்திருந்தான். அரியநாச்சி உட்கார்ந்த பிறகு முடி பார்க்க யாரும் வரவில்லை. பிறகு உடையம்மையைக் கூட்டி வந்தார்கள்.

அமாவாசைக்கு முந்தின நாள். முன்னால் மாமியார் பூலம்மாள், பின்னால் உடையம்மை, அதற்கும் பின்னால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவன் ஊய்க்காட்டான். பால் தவிர வேறொன்றும் அறியாத குழந்தை. கூடவே ஊரில் பாதி.

பூலம்மாள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை பெற்றபின் மருமகளுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. முற்றத்தில் உருண்டு திரிகிறது, கஞ்சியில் கிடக்கிறது. கூப்பிட்டால் பேச்சில்லை. பிள்ளை அழ அழச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சந்தேகம் வந்த அன்றே வழக்கப்படி எண்ணெயை நிறுத்தியாயிற்று, எண்ணெய் வாசனைக்குப் பேய் ஒட்டிக்கொள்ளும் என்பதால். சீயக்காயும் நிறுத்தியாயிற்று. மீன், கறி, நெய் எல்லாம் நிறுத்தியாயிற்று, பேய்க்கு ருசி பழகிவிடக் கூடாது என்பதால்.

"எங்க மேல குத்தம் வந்துரக் கூடாதுல்லா," என்றாள் பூலம்மாள். "முறைப்படி எல்லாத்தையும் நிறுத்திட்டோம்."

சொன்னவள் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது.

உடையம்மை தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். சிவனணைந்தான் அவள் கொண்டையை அவிழ்த்தான். வெயிலுக்கு நேரே பிடித்தான்; பளபளப்பு இல்லை, வெளிச்சம் முடியில் விழுந்து அங்கேயே செத்தது. நுனி துடைப்பம் போல விரிந்து பிளந்திருந்தது. ஒற்றை முடியை நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக விரலால் நீவினான், சொரசொரத்தது. காதருகே வைத்துக் கசக்கினான், வைக்கோல் சத்தம். இழுத்தான், கொஞ்சமும் நீளாமல் பட்டென்று அறுந்தது. ஒரு முடியைத் தண்ணீர்ச் செம்பில் போட்டான். உயிருள்ள முடி மிதக்கும் என்பது பாடம். இது தண்ணீரைக் குடித்துவிட்டு அடியில் போய்ப் படுத்தது.

அந்த நேரம் ஊய்க்காட்டான் தோளில் குழந்தை அழுதது. உடையம்மையின் முடி காய்ந்திருந்தது, மாராப்பு நனைந்தது. சிவனணைந்தான் அதையும் பார்த்தான். ஆனால் அதற்கு அவனுக்குப் பாடம் இல்லை.

"ஈரமா, வறட்சியா?" என்று கூட்டம் கேட்டது. அது கேட்க வேண்டிய முறை.

"வறட்சி," என்றான்.

எல்லாரும் அரியநாச்சியைப் பார்த்தார்கள். அவள் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. நாளைக்கு உச்சி சாய்ந்ததும் வாக்குச் சொல்வதாகவும், அதுவரை தாயும் பிள்ளையும் தன் வீட்டில் இருக்கட்டும் என்றும் சொன்னாள். பிள்ளையை எப்படி அவளோடு விடுவது என்று ஊய்க்காட்டான் குதித்தான். தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் வேறொன்றை ஞாபகப்படுத்தினார்: வாக்கு மறுக்கிறவளின் முடியையும் பார்க்க வேண்டும் என்பதும் வழக்கம்தான்.

"நான் மறுக்கல்லையே மாமா," என்றாள் அரியநாச்சி. "வாக்குச் சொல்லுததுக்கு முந்தி அவ பேய் இல்ல, பொம்பளை. அதும் வழக்கம்தான?"

வழக்கம்தான். வழக்கத்தை வைத்தே மடக்கினால் அந்த ஊருக்குப் பதில் தெரியாது. கலைந்து போனார்கள்.

உள்ளே போனதும் சிவனணைந்தான் கேட்டான்.

"நான் தப்பாப் பாத்துட்டேனா?"

"சரியாத்தான் பாத்திய. காஞ்ச முடிதான் அது."

"பெறகு ஏன் வாக்குச் சொல்லல?"

"முடி காஞ்சா பேய். அப்படித்தான அண்ணாச்சி?"

"அப்படித்தான்."

"எங்க அக்கா முடி?"

சிவனணைந்தான் இதை எதிர்பார்க்கவில்லை. அது வேறு என்றான். நிறைந்த பேய் அது. மரத்தில் உள்ள மற்றப் பேய்களின் ஈரத்தையும் அதுவே குடிக்கிறது. அதனால்தான் மினுங்குகிறது என்றான்.

"அப்போ காஞ்சாலும் பேய். மினுங்குனாலும் பேய்."

"அது வந்து..."

"எந்த மாதிரி முடி வச்சிருந்தா ஒரு பொம்பளைய விடுவிய?"

அவனும் வாதம் தெரிந்தவன்தான். புகை இருந்தால் நெருப்பு இருக்கிறது என்று சொல்வதில் என்ன பிழை என்று கேட்டான். புகை இருந்தால் நெருப்பு உண்டு என்று ஒத்துக்கொண்டாள் அரியநாச்சி. ஆனால் ஈர விறகை அடுப்பில் திணித்தது யார் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா என்றாள். அது பேச்சு, அடையாளம் அல்ல என்றான் அவன். தாயார் சொல்லித் தராத அடையாளம் என்று ஒன்று இருந்தால் அதைக் காட்டுங்கள், நாளைக்கு ஊர் முன்னால் நிற்க வேண்டியவன் நான் என்றான்.

அரியநாச்சி எழுந்து மாடக்குழியிலிருந்து ஒரு மரச்சீப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு மரத்துக்குப் போங்க. ஒரு கொத்து விடாம வாரிவிடுங்க. சீப்புல சிக்குனதை உதறாம அப்படியே கொண்டாங்க."

"எப்போ?"

"உச்சிக்கு."

அவன் அந்த மரத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறான். எப்போதும் உடுக்குச் சத்தத்தோடு, கூட்டத்தோடு, கையில் சுத்தியலோடு. தனியாகப் போனதில்லை. உச்சியில் போனதே இல்லை.

மறுநாள் போனான்.

மரத்துக்கு அந்நேரம் நிழல் இல்லை. இருந்த நிழலும் அடிமரத்துக்குக் கீழே ஒடுங்கிக்கொண்டது. காற்று இல்லை, தேரியில் ஒரு மணல்கூட நகரவில்லை. கொத்துகள் மட்டும் மெதுவாக அசைந்தன. எல்லாம் ஒரே பக்கமாக அல்ல. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், பேசிக்கொண்டிருந்தவர்கள் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிற மாதிரி.

அவன் கீழே இருந்த கொத்தில் தொடங்கினான். சீப்பைப் பிடிக்கவே தெரியவில்லை. முடியைப் பிடுங்கித்தான் பழக்கம், வாரிப் பழக்கமில்லை. தொட்டதும் விரலில் தூசி ஒட்டியது. நுனி பிளவு, சொரசொரப்பு, வைக்கோல் சத்தம், எல்லாம் பாடப்படி இருந்தன. சீப்பை வைத்து இழுத்தான். சிக்கில் மாட்டியது. இன்னும் கொஞ்சம் இழுத்தான்.

"ஸ்..."

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. குடிசையின் கதவு திறந்து கிடந்தது, உள்ளே வெறும் மணல். மறுபடி இழுத்தான். மறுபடி அதே சத்தம். சிக்கெடுக்கும்போது தலையில் வலித்தால் சிறுபெண்கள் பல்லிடுக்கில் மூச்சை இழுப்பார்களே, அந்தச் சத்தம். அது முடியிலிருந்து வந்தது.

ஓடத்தான் நினைத்தான். ஆனால் வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

"பொறு தாயி. பொறு."

சொன்னதோடு அவன் இடக்கையும் தானாகப் போய், இழுப்பு வேருக்குப் போகாதபடி கொத்தின் மேல்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டது. கட்டைவிரலின் கீழே கரடாக ஏதோ பட்டது. துருவேறிய ஆணி. அவன் அடித்ததுதான்.

அடுத்த கொத்தும் அப்படித்தான் மூச்சை இழுத்தது. அதற்கடுத்ததும். ஒன்று சீப்பைக் கண்டதும் விலகி மரத்தோடு ஒட்டிக்கொண்டது, வாரவிடாத பிள்ளை மாதிரி. இன்னொன்று வாரி முடித்த பிறகும் அவன் விரலிலிருந்து விலகாமல் சாய்ந்துகொண்டே இருந்தது. அவன் ஒவ்வொன்றிடமும் பேசிப் பேசி வாரினான். இதோ ஆச்சு, இந்தச் சிக்கு ஒண்ணுதான், நுனியிலேர்ந்து எடுக்கேன் பாரு, வலிக்காது. பயப்பட வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. இடையிடையே அது ஞாபகம் வரும். அப்போது கையில் உள்ள ரோமமெல்லாம் நட்டமாக நிற்கும்.

கடைசியாகச் சந்தனமாரியின் கொத்து.

அது அவன் மார்புக்குத் தணிந்து தொங்கியது. இத்தனை நீளத்தை அவன் பிடுங்கவில்லை. பிடுங்கியது ஒரு சாண். கறுத்து, கனத்து, விரலில் எடுத்ததும் வழுகி இறங்கியது. வெயில் அதன் மேல் விழுந்து ஓடியது. முகர்ந்தான். நல்லெண்ணெய் வாசனை. சீப்பை ஆணிக்கருகே வைத்ததும் அது ஒரு தடங்கலும் இல்லாமல் நுனி வரை இறங்கிவிட்டது.

சத்தம் வரவில்லை.

மற்றவை எல்லாம் மூச்சிழுத்தபோது வராத நடுக்கம், இது சும்மா இருந்ததில் வந்துவிட்டது. சீப்பை மடியில் வைத்துக்கொண்டு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கொத்துகளின் அசைவு நின்றுபோயிருந்தது, தலைவாரி முடித்த பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பது போல ஓர் அமைதி.

அரியநாச்சியின் வாசலில் ஊர் கூடியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனவன் பார்த்தது இதுதான்: உடையம்மையைத் தரையில் உட்காரவைத்து, ஊர் பார்க்க, அரியநாச்சி அவள் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. உடையம்மை உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள்.

பூலம்மாள் வாயிலடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் பட்ட முடியில் ஆணி நிற்காது, இது வேண்டுமென்றே செய்கிற வேலை என்று ஊய்க்காட்டான் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான். தலைப்பாகைப் பெரியவர் நேற்றுச் சொன்ன வழக்கத்தை இன்றைக்கு இன்னும் உரக்கச் சொன்னார். இந்த வீட்டில் ஒன்றல்ல, இரண்டு தலை பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அரியநாச்சி நிமிரவில்லை.

சிவனணைந்தானைக் கண்டதும் எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். இப்போது பார்த்துச் சொல் என்றார்கள்.

அவன் குனிந்து உடையம்மையின் முடியைத் தொட்டான். மேலே எண்ணெய். அடியில் அதே சொரசொரப்பு. அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"வறட்சிதான்," என்றான். "ஆனா வச்ச எண்ணெயைக் குடிக்குது."

"அவளா குடிக்கா? பேய்லா குடிக்குது," என்றாள் பூலம்மாள்.

அரியநாச்சி அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, சீப்பைப் பெரியம்மாகிட்ட குடுங்க."

பூலம்மாள் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். மரத்துச் சீப்பை யார் தொடுவார்கள்? சிவனணைந்தான் அதை அவள் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான். பல்லிடுக்கு முழுக்கச் செத்த முடி. சாம்பல் நிறம், வெளுத்த கறுப்பு, சாம்பல். நடுவில் ஒன்று மட்டும் சுருண்டு, செம்பட்டையாக.

பூலம்மாள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்த கை தானாக வந்து, அந்த ஒரு முடியை மட்டும் உருவி எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தது.

"செம்பட்டை," என்றாள். "எங்க அம்மை என்னை இப்படித்தான் கூப்பிடுவா. ஏட்டி செம்பட்டை, ஏட்டி செம்பட்டைன்னு."

அவளுடைய இன்னொரு கை உச்சந்தலைக்குப் போயிருந்தது. அவள் எப்போதும் கொண்டையை ஏற்றி உச்சியில் போடுகிறவள். வயசான காலத்தில் என்ன சிங்காரம் என்று ஊர் கேலி பேசும். இப்போது விரல் பட்டுக் கொண்டை சரிந்தது. உச்சியில் புளியங்கொட்டை அளவுக்கு முடி முளைக்காத இடம்.

கூட்டத்தில் கிழவர்கள் சிலர் வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியும். மகனுக்குத் தெரியாது.

"உனக்குமா அம்மா?" என்றான் ஊய்க்காட்டான்.

"எனக்கும்தான் அடிச்சாவ. நான் என்ன செத்தா போயிட்டேன்? மறு அமாவாசைக்குத் திரும்பி வரல?"

"வந்தப்போ மூத்தது இருந்துதா, பெரியம்மா?" என்று கேட்டாள் அரியநாச்சி.

"எது மூத்தது?" என்றான் ஊய்க்காட்டான். "நான்தான மூத்தவன்."

பூலம்மாள் அந்த முடியைச் சுட்டுவிரலில் சுற்றினாள். சுற்றி அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள். காய்ந்த முடி, ஆனால் அறுபடவில்லை.

"வெள்ளாட்டுப் பால் குடுத்துப் பாத்தாவளாம்," என்றாள். "குடிக்கல்லையாம்."

குழந்தை பால் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பூலம்மாள் குனிந்து மருமகளின் தோளை உலுக்கினாள். மெதுவாக உலுக்கினாள் என்று சொல்ல முடியாது.

"ஏட்டி, எந்திரி. ஊரான் வாசல்ல என்ன உறக்கம்? வீட்டுல வந்து படு."

உடையம்மை கண் விழித்தாள். முதலில் குழந்தையைத்தான் இறுக்கிப் பிடித்தாள்.

"புடுங்க மாட்டேன். எந்திரி," என்றாள் பூலம்மாள்.

ஊய்க்காட்டான் ஆணி என்று ஏதோ ஆரம்பித்தான். தாய் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு மனைவி எழுந்திருக்கக் கை கொடுத்தான். மூவரும் குழந்தையோடு தெருவில் நடந்து போனார்கள். பூலம்மாள் கொண்டையைத் திரும்பப் போடவில்லை. உச்சியில் முடியற்ற அந்த இடம் தெரியத் தெரிய, அவிழ்ந்த முடியோடு நடந்தாள்.

ஊர் சும்மா விடுமா? பேய் மருமகளை விட்டு மாமியார் மேல் தாவிவிட்டது என்று ஒருவன் சொன்னான். நம் கண் முன்னாலேயே தாவியது என்று இன்னொருவன் சாட்சி சொன்னான். தலைப்பாகைப் பெரியவர் சிவனணைந்தானிடம் வந்து, கிழவியின் முடியைப் பார்க்க வேண்டும், அதற்கு முன் வாக்குச் சொல்லாத இவள் முடியையும் பார்க்க வேண்டும், எதை முதலில் பார்க்கிறாய் என்று கேட்டார்.

சிவனணைந்தான் சீப்பைக் கையில் எடுத்தான்.

"உம்மகிட்ட இருந்து தொடங்குவோம் வே. தலைப்பாகைய அவுரும்."

பெரியவர் இரண்டு கையாலும் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். அடுத்து யார் தலை என்பது போலச் சிவனணைந்தான் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். அவன் கண் படுகிற இடத்தில் துண்டுகள் தோளிலிருந்து தலைக்கு ஏறின. ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஏதோ வேலை ஞாபகம் வந்தது.

வாசல் காலியாயிற்று. அரியநாச்சி கடைசி வரை அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. சொல்லும்படி யாரும் கேட்கவும் இல்லை.

அவள் கையில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைக்காமல், மீதியிருந்ததை ஒரு சின்னக் கிண்ணத்தில் வழித்து ஊற்றினாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருவில் ஒரு ஜீவன் இல்லை. தேரிப் பக்கம் போகிற பாதையில் நடந்தாள்.

சிவனணைந்தான் சீப்போடு பின்னால் போனான்.

"அம்மா, எல்லாத்தையும் வாரினேன்."

"ம்."

"எல்லாம் சத்தம் போட்டுது. உங்க அக்கா முடி மட்டும் போடல."

அவள் நடந்துகொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா நானும் பாக்கேன். அது ஒண்ணு மட்டும் ஏன் காயல?"

"நான் எண்ணெய் வைக்கேன், அண்ணாச்சி."

அவன் நின்றுவிட்டான். மணலில் அவளுடைய பழைய கால்தடங்கள் தெரிந்தன. நேற்றுப் போனது, அதற்கு முன்னால் போனது, ஒன்றன் மேல் ஒன்றாக, உச்சிப்பொழுதில் யாரும் வராத அந்தப் பாதை முழுக்க. எல்லாம் மரத்துக்குப் போயிருந்தன. எல்லாம் மரத்திலிருந்து திரும்பி வந்திருந்தன.

"அப்போ அது வளருதது?" என்று கேட்டான்.

அரியநாச்சி கிண்ணத்தை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். தூரத்தில் மரத்தில் கொத்துகள் இந்தப் பக்கமாகத் திரும்பின.

"எண்ணெய்தான் நான் வைக்கேன். வளருதது அதுவா வளருது."